மார்பின் குறுக்கே ஒரு புல்

இரெக் பால் எடுக்கப் போகும் இருபத்துமூன்று வீடுகளிலும் சமையலறைச் சுவரில் ஒரே நாட்காட்டிதான் தொங்கும். வட்டார அலுவலகம் வருஷா வருஷம் டிசம்பரில் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுப்பது. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம். எல்லாமே பியெப்ஜா ஆற்றுச் சதுப்பில் எடுத்தவை. பனியில் நிற்கும் கடமான், வெள்ளத்தில் இடுப்புவரை முழுகின மரங்கள், கரண்டுக் கம்பத்துக் கூட்டில் நாரை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பொடி எழுத்தில் எடுத்தவர் பெயர். தொட்டியிலிருந்து லாரிக்குப் பால் ஏறுகிற பத்து நிமிஷத்தில், கையைத் துடைத்தபடி சமையலறைக்குள் வந்து நிற்பான் இரெக். அவன் கண் முதலில் போவது அந்தப் பொடி எழுத்துக்குத்தான். ஆறு வருஷமாக அதில் அவன் பெயர் வரவில்லை.

வேறு எதற்கும் ஆசைப்பட்டவன் இல்லை அவன். ஆற்றோரத்துக் கடைசி வீட்டில் பிறந்தான். அப்பாவுக்கு மூன்று மாடும் ஒரு குதிரையும். எட்டாம் வகுப்பு, ஓட்டுநர் பயிற்சி, பட்டாளம், அப்புறம் பால் லாரி. இருபத்தெட்டு வருஷமாக அதே பாதை, அதே மேடு பள்ளம். மனைவி போஜெனா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒரே மகள் கல்யாணமாகிக் கடற்கரைப் பட்டணத்துக்குப் போனபோது, இனி இது வேண்டாம் என்று தன் கேமராவை அலமாரியில் விட்டுவிட்டுப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கமாட்டாமல் அதை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனவன்தான் இரெக். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் போஜெனாவுக்கு இல்லாமல் போயின.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை தீயணைப்பு நிலையத்து மாடியில் படக்காரர்கள் கூடுவார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். தலைவர் செவெரின், பல் மருத்துவர். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொருவர் படத்தையும் பெரிதாகக் காட்டி, எல்லோர் முன்னாலும் குறை சொல்வார். பல்லைப் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார் அந்த மனுஷர். படத்துக்கு ஊசி கிடையாது.

இரெக் கொண்டுபோன முதல் படத்தைத் துணியில் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். யாரையும் 'பான்' என்று மரியாதை போட்டுத்தான் கூப்பிடுவார்.

"பான் இரெக், இதுல பறவை எங்க?"

"அதோ டாக்டர், வலப்பக்கம் மேல."

"அதுவா? நான் துணியில ஈ எச்சம் போட்டிருக்குன்னு நெனச்சேன்."

சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. இரெக்கும் சிரித்தான். ஆனால் அன்றைக்கு லாரி ஓட்டி வரும் வழியெல்லாம் அவன் காதுமடல் சுட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் நாரையைப் பக்கத்தில் எடுத்துக் கொண்டுபோனான். "வெள்ளைய எரிச்சுட்டீங்க. இறகு எங்க? தோய்ச்சுக் காயப்போட்ட படுக்கை விரிப்பு மாதிரி இருக்கு. வெள்ளைப் பறவைன்னா வெளிச்சத்த ஒரு படி குறைச்சு வைங்க." குறைத்து வைத்தான். "நின்னுக்கிட்டு எடுத்திருக்கீங்க. மேலேருந்து பாத்தா எல்லாமே கோழிதான். படுங்க. பறவையோட கண்ணு உயரத்துக்கு உங்க கண்ணு எறங்கணும்." படுத்தான். ஏப்ரல் மாதத்துப் புல்வெளி மேலே பச்சை, கீழே ஐஸ் தண்ணீர். மார்பிலிருந்து முழங்கால்வரை ஊறிப்போய் வீட்டுக்கு வருவான்.

"கிழவா, உன் சட்டையப் பிழிஞ்சா ஒரு மீன் குட்டையே வெக்கலாம்," என்பாள் போஜெனா. லென்ஸைத் தரையில் சாய்த்துவைக்கத் தலையணை உறையில் பீன்ஸ் கொட்டி ஒரு பை தைத்துக்கொண்டான். அது தெரிந்த அன்றைக்கு வீட்டில் சூப் இல்லை. "பீன்ஸ் உன் கேமராவுக்குத் தலகாணியா இருக்கு. நீ வேணா அந்தப் பையக் கொதிக்க வெச்சுக் குடி."

ஒன்றொன்றாகப் பிடிபட்டது. நண்பகலில் எடுத்தால் எந்தப் பறவையும் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலிருக்கும், முதல் வெளிச்சத்தில்தான் அதற்கு உடம்பு வரும். கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு விழவேண்டும், இல்லையென்றால் உயிரோடு நிற்கிற பறவையும் பாடம்பண்ணி வைத்த பறவைதான். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்குள் பொத்தானை அமுக்கவேண்டும். பறவையை நோக்கிப் போகக் கூடாது. அது வருகிற இடத்தில் முன்கூட்டியே போய்க் கிடக்கவேண்டும். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமென்று செவெரின் மாதாமாதம் ஓதியது இது: "அமுக்கறதுக்கு முன்னால நாலு மூலையையும் கண்ணால ஒரு சுத்து சுத்தி வாங்க. நீங்க நடுவுல பறவையப் பாத்துக்கிட்டிருப்பீங்க, திருடன் ஓரத்துல நிப்பான்."

நான்கு வருஷத்தில் செவெரினின் நாக்கு மெல்ல மெல்லக் கூர் மழுங்கியது. ஐந்தாவது வருஷம் இரெக் பெருங்கொக்கின் படம் ஒன்றைக் கொண்டுபோனான். துணியில் அது விழுந்ததும் பேச்சு நின்றது. பனிமூட்டம், சாம்பல் உடம்பு, உச்சந்தலையில் சிவப்பு, கண்ணில் பொட்டு. செவெரின் எழுந்து துணியின் பக்கத்தில் போய் நின்றார். விரலை எடுத்துப் பறவையின் மார்பில் வைத்தார்.

"எல்லாம் சரி. இந்தப் புல் மட்டும் இல்லேன்னா."

லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவே எங்கேயோ ஒரு கோரைப்புல் நின்றிருக்கிறது. கண்ணுக்கு நூல் அளவு. படத்தில் அது வெளுத்து, தடித்து, கட்டுப்போட்ட துணி மாதிரி மார்பின் குறுக்கே ஓடியது. அந்த வருஷம் நாட்காட்டியில் ஏப்ரலுக்கு வேறு யாரோ எடுத்த தவளை வந்தது.

ஆறாவது வருஷமும் கொக்கு, ஆறாவது வருஷமும் புல். இந்த முறை செவெரின் வாய் திறப்பதற்குள் பின்வரிசைக்காரர்கள் சேர்ந்து பாடினார்கள்: "இந்தப் புல் மட்டும் இல்லேன்னா!" அன்றிலிருந்து மாடியில் அவனுக்குப் பெயரே புல்லுக்கட்டு என்று ஆகிவிட்டது. "வாய்யா புல்லுக்கட்டு, குளிருக்குக் கதவச் சாத்து."

"ஒரு புல்லுக்காக வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கற மனுஷன நான் கண்டதே இல்ல," என்றாள் போஜெனா. "பசுமாடு கூட புல்லப் பாத்தா சந்தோஷப்படும்."

நாரைக்கு இந்த ஊரில் குறைவில்லை. கம்பத்துக்குக் கம்பம் கூடு, கூட்டுக்குக் கூடு ஊர்க்காரர் காவல். ஆனால் பெருங்கொக்கு நாரை அல்ல. மனித வாடையே ஆகாது அதற்கு. இரெக்குக்குத் தெரிந்த ஜோடி ஒன்றே ஒன்றுதான். தியோஃபில் கிழவரின் கடைசிப் புல்வெளிக்கு அப்பால், ஆல்டர் மரங்கள் நிற்கும் சேற்றுக்குட்டையில் அது வருஷாவருஷம் வந்து இறங்கும்.

தியோஃபிலுக்கு எழுபத்தெட்டு வயது, பதினோரு பசு. மனைவி ஸ்தெஃபா போய்ப் பன்னிரண்டு வருஷம். மார்ச் மாதம் பால் எடுக்கப் போகிற ஏதாவதொரு காலையில் அவர் வாசலிலேயே நிற்பார். "வந்துட்டாங்க," என்பார். இரெக்கும் காது கொடுப்பான். சதுப்பின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு எக்காளம் ஒன்றையொன்று முடித்துவைப்பது போல ஒரு சத்தம். கிழவர் அப்புறம் உள்ளே போய்க் கண்ணாடி டம்ளரில் காப்பித்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி இவன் முன்னால் வைப்பார்.

"நீங்க ஒரு தடவகூடப் போய்ப் பாத்ததில்லையா மாமா?"

"எதுக்கு? நான் போய்ப் பாத்தா அது போயிடும். ஸ்தெஃபா இருந்தப்பவும் காலையில எழுந்தா இந்தச் சத்தம்தான். எனக்குக் காது போதும்டா."

ஏழாவது வருஷத்து ஏப்ரலில் இரெக் முதலில் எல்லாம் முறைப்படிதான் செய்தான். கொக்கு இறங்கும் இடத்துக்கு அறுபது தப்படி தள்ளி, கோரைத் திட்டுகளின் நடுவில், ஆள் படுத்தால் மறையும் உயரத்துக்குத் துணிக்கூடாரம் ஒன்று போட்டான். விடிவதற்கு முன்பே உள்ளே போய்க் கிடந்து, வெளிச்சம் ஏறியதும் ஊர்ந்தே திரும்பினான். கொக்கு அதைப் பழகிக்கொண்டது. அதன் முதுகு இப்போது சாம்பலாக இல்லை, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருந்தது. அடைகாக்கும் காலத்தில் பெருங்கொக்கு சேற்றை அலகால் அள்ளி முதுகில் பூசிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பது தெரியாமல் இருப்பதற்காக. விவரம் தெரிந்த யாரும் அந்த முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், பக்கத்தில் கூடு இருக்கிறதென்று.

கூட்டருகே படம் எடுக்கக் கூடாது என்பது படக்காரர்களின் முதல் சட்டம். நாட்காட்டிப் போட்டிக்குப் படம் தரும்போது, 'எந்த உயிருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை' என்று கையெழுத்தும் போட்டுத் தரவேண்டும். இரெக் தனக்குத்தானே ஒரு நியாயம் செய்துகொண்டான். நான் எடுப்பது கூட்டை இல்லை. அது எழுந்து நின்று சோம்பல் முறித்து மறுபடி உட்காருமே, அந்த நொடியை. படத்தில் கூடே தெரியாது.

தெரிந்தது கூடு அல்ல, புல்தான். எந்தப் பக்கம் நகர்ந்து படுத்தாலும் ஏதோ ஒரு கோரை மார்பின் குறுக்கே வந்து நின்றது. நான்கு காலை, இருநூறு படம், இருநூறிலும் புல். நான்காம் நாள் கூடாரத்துக்குள் முகத்தைப் பீன்ஸ் பையில் புதைத்துக்கொண்டு கிடந்தான். மாடியில் அந்தக் கோரஸ் கேட்டது அவனுக்கு.

மறுநாள் பால் ஏறும்போது கேட்டான்: "மாமா, ஆட்டுக்கு மயிர் வெட்டற கத்திரி இருக்கா?"

"ஆடு வித்து எத்தனையோ வருஷம் ஆச்சு. கத்திரி கொட்டாயில ஆணியில தொங்குது. எதுக்கு?"

"வீட்டு வேலி வளந்து கெடக்கு."

"எடுத்துக்க. கொண்டாந்து அதே ஆணியில மாட்டு."

அன்றைக்கு நண்பகல் சூட்டில் போனான், முட்டை குளிராது என்பதற்காக. அதையும் யோசித்துத்தான் செய்தான். அவன் எழுந்து நடந்ததும் கொக்கு சத்தமில்லாமல் கூட்டைவிட்டு இறங்கி, கழுத்தைத் தாழ்த்தி, களவாணி போல ஆல்டர் மரங்களுக்குள் நழுவியது. கூடாரத்தின் வாயிலிருந்து தொடங்கி, இரண்டு கை அகலத்துக்கு, நேராகக் கூட்டை நோக்கி வெட்டிக்கொண்டே போனான். பழைய கத்திரிதான், ஆனால் கோரை வெண்ணெய் போல வெட்டுப்பட்டது. கால்மணி நேரம். கூட்டின் பக்கத்தில் வந்தபோது இரண்டு முட்டைகள் ஈரக் குப்பையின் மேல் இருந்தன. அடிப்பச்சை ஓடிய பழுப்பு, மேலே மண்திட்டு மாதிரிப் புள்ளிகள். கேமரா தோளில்தான் தொங்கியது. அவன் எடுக்கவில்லை. கூட்டைப் படம் எடுக்காதவன் என்று அந்த நேரத்தில்கூட அவனுக்குள் ஒரு பெருமை இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கொக்கு திரும்பி வந்து உட்கார்ந்தது. ஒன்றும் ஆகவில்லை பார், என்று சொல்லிக்கொண்டான்.

மறுநாள் விடியலில் பனி தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. சூரியன் ஆல்டர் மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தபோது கொக்கு எழுந்தது. ஒரு காலை நீட்டியது. கழுத்தை உயர்த்தி அலகைத் திறக்க, வாயிலிருந்து ஆவி பொன்னிறமாகப் போயிற்று. துருநிற முதுகு தணல் மாதிரி எரிந்தது. கண்ணில் பொட்டு. மார்பு முழுசாக, இறகு இறகாக, குறுக்கே ஒன்றுமில்லாமல். இரெக் நான்கு மூலைகளையும் ஒரு சுற்று சுற்றி வந்தான். திருடன் எங்கேயும் இல்லை. மூச்சை விட்டான். அமுக்கினான்.

எடுத்தவனுக்குத் தெரியும். பின்னால் திருப்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. ஊர்ந்து வெளியே வரும்போது பட்டுப்போன ஆல்டர் ஒன்றின் உச்சியில் இரண்டு அண்டங்காக்கைகள் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்தான். அவை எப்போதும் அங்கே இருப்பவை. நேராகப் பால் பண்ணைக்குப் போனான். அன்று பாதை முழுக்க விசிலடித்துக்கொண்டே ஓட்டினான்.

அடுத்த காலை எட்டிப் பார்த்தபோது கூட்டில் யாரும் இல்லை. முட்டை ஓட்டின் துண்டுகள் இருந்தன. உள்தோல் காய்ந்து சுருண்டிருந்தது. இரெக் கூட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கொக்கு உட்காரும் உயரத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தான். அவன் வெட்டிய வழி நூல் பிடித்தது போல் ஓடியது. ஓரங்களில் கோரையின் வெட்டு முனைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. வழி முடிகிற இடத்துக்கு மேலே, வானத்தில் நேராக, அந்தப் பட்ட மரம். அங்கிருந்து பார்த்தால் இந்தக் கூடு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்க அவனுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஏழு வருஷமாகப் படித்தது அது ஒன்றைத்தான், எங்கிருந்து பார்த்தால் எது மறைக்காமல் தெரியும் என்பதை.

தூரத்தில் இரண்டும் புல்வெளியில் நின்றன. ஒன்று நடந்தால் மற்றது நடந்தது. எக்காளம் இல்லை.

"ரெண்டு நாளா சத்தமே காணோமே," என்றார் தியோஃபில், காப்பியை வைத்துக்கொண்டே.

"அடைகாக்கறப்ப கத்தாது மாமா."

கிழவர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். நாற்பது வருஷம் கேட்ட காது அது. இரெக் காப்பியைச் சூட்டோடு விழுங்கி நாக்கைப் பொசுக்கிக்கொண்டான். கத்திரி லாரியின் இருக்கைக்குக் கீழே கிடந்தது. அதை அன்றைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கப் போனால் கொட்டகைக்குள் போகவேண்டும், கிழவரைத் தாண்டிப் போகவேண்டும்.

கோடை முழுக்க அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. அழிக்கவும் இல்லை. அக்டோபரில் ஒரு மழைநாள் கணினியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போஜெனா பின்னால் வந்து நின்றாள். ஏதாவது குத்தலாகச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். திரும்பிப் பார்த்தான். ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தபடி அப்படியே நின்றாள்.

"கிழவா, இத நீயா எடுத்த?"

"ம்."

"ஏழு வருஷம் சேத்துல கெடந்தது இதுக்குத்தானா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் உன்ன என்னென்னமோ பேசிட்டேன்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கவேண்டும். வாய்வரைக்கும் வந்தது. முப்பது வருஷத்தில் அவள் அப்படி அவனைப் பார்த்தது இல்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடச் சமையலறை முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள், போட்டிக்குப் படம் தரக் கடைசி நாள், இரெக் தாளில் கையெழுத்துப் போட்டான். 'எந்த உயிருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை.' பேனா கோணவில்லை.

நவம்பர் வியாழன், மாடியில் அந்தப் படம் துணியில் விழுந்தபோது பின்வரிசையில் ஒருத்தன் பழக்கதோஷத்தில், "இந்தப் புல்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். புல் இல்லை. அப்புறம் கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். செவெரின் மட்டும் துணிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் போனபின் மாடிப்படியில் அவனை நிறுத்தினார்.

"முதுகு செவந்திருக்கு, பான் இரெக்."

இரெக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"இடது ஓரத்துல கீழ, வெள்ளையா ரெண்டு புள்ளி. பனித்துளின்னு மொதல்ல நெனச்சேன். வெட்டின கோரை." குரல் தணிந்தது. "மூலையச் சுத்திப் பாக்கச் சொல்லிக் குடுத்தவன் நான்தானே. கூடு என்ன ஆச்சு?"

இரெக் சொன்னான். கத்திரியிலிருந்து முட்டை ஓடுவரை ஒன்றுவிடாமல். சொல்லி முடித்தபோது பிடுங்கின பல்லின் குழி போல வாய் வெறுமையாக இருந்தது.

"நாட்காட்டி இன்னும் அச்சுக்குப் போகல," என்றார் செவெரின். "ரெண்டு வாரத்துல இதே மாடியில கண்காட்சித் திறப்பு. அப்ப எல்லார் முன்னாலயும் நீங்களே சொல்லி, படத்தத் திரும்ப எடுத்துக்குங்க. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

"சொல்றேன் டாக்டர்."

திறப்பு நாளன்று போஜெனா கோயிலுக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டாள். அந்த மாடிக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. இரண்டு கசகசாக் கேக் சுட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தோழிகளையும் கூட்டிவந்திருந்தாள். இரெக்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரெனேயுஷ் என்று முழுப்பெயர். அவன் முன்னால் போய் நின்றான். சட்டம் போட்ட கொக்கு அவன் தோளுக்குப் பின்னால் தொங்கியது. போஜெனா முன்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, உதட்டை மடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். செவெரின் சுவரோரமாக நின்று காத்திருந்தார். மாடியில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"நன்றி," என்றான் இரெக். "பீன்ஸ் குடுத்தவளுக்கும் நன்றி."

சிரித்தார்கள், தட்டினார்கள். செவெரின் தலையைக் குனிந்து கண்ணாடியைத் துடைத்தார். அவரும் வாய் திறக்கவில்லை. அவர் தலைமையில் அந்த மாடியில் தொங்கிய படங்களிலேயே அதுதான் சிறந்தது. அது அவருக்கும் தெரியும்.

நாட்காட்டியில் ஏப்ரல் கிடைத்தது.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று தாள்கள் அவனைக் காப்பாற்றின. ஆனாலும் வீட்டுக்கு வீடு முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிட்டிருந்தார்கள். "இனிமே பால் தொட்டிய நீ தொடக்கூடாதுப்பா, கைரேகை பட்டா மாடு கூட மாடல் ஆயிடும்." "எங்க வீட்டுப் பன்னியையும் ஒரு படம் எடேன், மூக்குக் கொஞ்சம் சின்னதா வர்ற மாதிரி." இரெக் சிரித்து, பால் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு லாரியில் ஏறுவான். ஏழு வருஷமாக எந்தச் சுவரைப் பார்த்தானோ, இப்போது அந்தச் சுவருக்கு முதுகு காட்டி நிற்கப் பழகினான்.

தியோஃபில் மட்டும் ஜனவரி முதல் தேதியே ஏப்ரல் தாளைத் திறந்து மாட்டிவிட்டார். "என் புல்வெளிக் கொக்குடா இது," என்றார். "ஸ்தெஃபா பாக்காம போயிட்டா. நானே இப்பத்தான் மொகத்தப் பாக்கறேன்." நாள் பார்க்க அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. பால் தேதியைக்கூட இரெக்கிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

மார்ச் வந்தது. கிழவர் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்றார். ஐஸ் உடைந்து வெள்ளம் ஏறி இறங்கியது. வாத்துகள் வந்தன, ஆள்காட்டிகள் வந்தன, கம்பத்து நாரைகள் வந்து அலகைத் தட்டின. சதுப்பின் அந்தக் கோடியில் மட்டும் ஒன்றும் இல்லை.

"இன்னிக்கும் இல்ல," என்பார் தியோஃபில். "காது மந்தமாயிடுச்சோ என்னமோ. நீ கேட்டியா?"

"இல்ல மாமா."

ஏப்ரல் பதினொன்றாம் தேதி கிழவர் வாசலில் இல்லை. சமையலறையில் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் இரண்டு டம்ளர் காப்பி.

"ஏண்டா இரெக், உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. நாப்பது வருஷம் வந்தது ஏன் வராம போகும்? செத்திருக்குமா?"

சாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். வயதாகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லோரும் நம்பும்படி ஏதாவது சொல்ல இரெக்குக்கு இப்போது பழகிப்போயிருந்தது. ஆனால் கிழவர் படத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் காதைத் திருப்பியபடி, தலையைச் சாய்த்து, அந்த நேரத்திலும் காத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மாமா," என்றான்.

நின்றபடியே சொன்னான். வேலி இல்லை, கோரை. கூடு எங்கே இருந்தது, எவ்வளவு அகலம் வெட்டினான், காக்கைகள் எங்கே உட்கார்ந்திருந்தன. வெளியே லாரியின் மோட்டார் பாலை இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டி காலியாகி, காற்றை உறிஞ்சும் சத்தம் வந்தது. அவன் போய் நிறுத்தவில்லை.

தியோஃபில் எழுந்தார். சுவரருகே போய்ப் படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை விரலால் தடவினார். அப்புறம் ஏப்ரலை மேலே தூக்கி மடித்து மே மாதத்துக்கு மாட்டினார். மேயில் யாரோ எடுத்த மஞ்சள் சதுப்புப் பூக்கள்.

"கத்திரி எங்க?"

இரெக் லாரிக்குப் போய், மோட்டாரை நிறுத்தி, இருக்கைக்குக் கீழே துழாவி எடுத்துவந்தான். ஒரு வருஷம் ஈரத்தோடு கிடந்து துருவேறியிருந்தது. இரண்டு அலகும் சேரும் இடத்தில் கோரை நார் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கிழவர் வாங்கி இரண்டு கையாலும் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. அப்படியே கொட்டகைக்குக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து, மேஜையிலிருந்த இரெக்கின் டம்ளரை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார்.

போஜெனாவிடம் அன்று மாலையே சொன்னான். அவள் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த மாடியில என்ன உக்கார வெச்சு எனக்கு நன்றி சொன்னியே," என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் வீட்டுச் சுவரில் நாட்காட்டி இல்லை.

இரெக் இன்னும் படம் எடுக்கிறான். தியோஃபில் வீட்டுப் பால் முன்போலவே ஒன்றுவிட்டு ஒரு நாள், ஆனால் பத்து நிமிஷமும் லாரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். இலையுதிர்காலத்தில் பெருங்கொக்குகள் தெற்கே போகக் கூட்டம் கூட்டமாகச் சேரும் வெட்டவெளியில், ரொம்பத் தள்ளி, சாலையோரப் பள்ளத்தில் பீன்ஸ் பையைப் போட்டுப் படுத்துக்கொள்கிறான். எந்தப் பறவை எந்த ஜோடி என்று அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. படத்தில் அவை சின்னதாக விழுகின்றன. எல்லாப் படத்திலும் குறுக்கே புல் இருக்கிறது, ஒன்று, சிலசமயம் இரண்டு. முதல் வியாழக்கிழமைகளில் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பான். துணியில் அவன் படம் விழும்போது, விஷயம் தெரிந்துவிட்ட பின்வரிசை வாய்மூடிக்கொள்கிறது. செவெரின் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போவார்.